பழைய பைக்கில் பேட்டரி செத்துவிட்டதா? பெங்களூரில் புதுசு வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஊரில் ஓட்டிய பழைய பைக்கையே பெங்களூருக்குக் கொண்டுவந்து வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால் ஹாரனை ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரம் பேட்டரியைச் சாகடித்தது வேறொன்றாக இருக்கும், அதைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டரியும் அதே வழியில்தான் போகும். என் வண்டியில் ஒரு கடையில் எதையும் அளந்து பார்க்காமல் புது பேட்டரி மாட்டி அனுப்பினார்கள், இரண்டு மாதம் தாங்கவில்லை. கடைசியில் பழுது, பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் இருந்தது. வாரண்டிக்குப் போனால், அதிக சார்ஜ் ஏறிக் கெட்டது எங்கள் கணக்கில் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

மொத்தமாகத் தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டர், ஒரு சாயங்காலம், அப்புறம் ஒன்றிரண்டு இரவு.

1. உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேட்டரியின் மேலேயே 12 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று போட்டிருக்கும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட்தான். கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் 12 வோல்ட்டுக்கு. 6 வோல்ட் என்றால் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பேட்டரி சுத்தமாகச் செத்திருக்கும்போது கிக்கர் உதைத்தால் வண்டி ஓடுகிறதா? பல பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பிளக்குக்குப் போகும் கரண்ட், எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும், அதனால் பேட்டரி இல்லாவிட்டாலும் ஓடும். வேறு சில வண்டிகளில் பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐ யூனிட் பேட்டரி கரண்ட்டில் வேலை செய்யும், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்புக்கும் கரண்ட் வேண்டும். அவற்றில் பேட்டரி அடியோடு காலியானால் எவ்வளவு தள்ளினாலும் கிளம்பாது. இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கிக்கரில் கிளம்பிவிட்டது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஹெட்லைட் எந்தக் கரண்ட்டில் எரிகிறது என்பதும் பின்னால் தேவைப்படும். சாவியைப் போட்டு, எஞ்சின் ஓடாமலே ஹெட்லைட் எரிந்தால் அது பேட்டரியிலிருந்து எரிகிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்து, ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறைந்தால் நேராகக் காயிலிலிருந்து எரிகிறது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி இருப்பதால், பலவற்றில் எஞ்சின் கிளம்பிய பிறகுதான் எரியும். அவற்றில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

2. வாங்க வேண்டியவை, எங்கே, எவ்வளவு

டிஜிட்டல் மல்டிமீட்டர் 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். எஸ்.பி. ரோட்டில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மெட்ரோவில் சிக்பேட்டையில் இறங்கினால் நடந்துபோகும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை போய்விடுங்கள். வாங்கும் மீட்டரில் 20 வோல்ட் டிசி அளவும், 10 ஆம்பியர் அளவுக்குத் தனி ஓட்டையும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

டிஸ்டில்ட் வாட்டர் பேட்டரிக் கடையில் ஒரு பாட்டில் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். 10 எம்எம் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், கொஞ்சம் வேசலின், சமையல் சோடா போதும். இரு சக்கர வண்டிக்கான சின்ன சார்ஜர் ஏறத்தாழ 700 முதல் 1500 ரூபாய் வரை ஆகும். வண்டியை அடிக்கடி நிறுத்திவைப்பவர்கள் வாங்கலாம், மற்றவர்கள் பேட்டரிக் கடையில் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

3. அளப்பதற்கு முன் காதால் கேளுங்கள்

சாவியைப் போட்டு நியூட்ரல் விளக்கைப் பாருங்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே செல்ஃபை அழுத்துங்கள். விளக்கு மங்கி அணைந்து, சீட்டுக்கு அடியில் டிக்டிக்டிக் என்று தொடர்ச்சியாகச் சத்தம் வந்தால் பேட்டரியில் பலமில்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு "டொக்" கேட்டு, விளக்கும் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலேயையோ அந்த மோட்டாரையோ சந்தேகப்படுங்கள், பேட்டரி மேல் பழி போடும் முன் அவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கும் எரியவில்லை, ஹாரனும் இல்லை, எதுவுமே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும், பழைய வண்டிகளில் கண்ணாடிக் குழாய் மாதிரி. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு முனையிலும் பச்சை பிடித்திருந்தால் கரண்ட் போகாது, கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிட்டு ஓட்டச் சொல்பவரை நம்பாதீர்கள், வயரிங் முழுவதும் எரியும்.

விளக்கு, ஹாரன் எல்லாம் ஜோராக இருந்தும் செல்ஃப் மட்டும் அசையவில்லையா? கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச். பெங்களூர் மழையில் இந்த மூன்றும் சுலபமாகத் தண்ணீர் குடித்துவிடும்.

4. டெர்மினலும் தண்ணீரும்

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இதை மாற்றிச் செய்தால், பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டவுடன் பொறி பறக்கும். பேட்டரி பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும், அது பற்றிக்கொள்ளும். ஆசிட் கையிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண் என்றால் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வேசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றத் திறக்கும் மூடிகள் உள்ள பேட்டரி என்றால் சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. மைனஸ் வயரின் மறுமுனை எஞ்சினிலோ சேஸிஸிலோ முடுக்கியிருக்கும். அந்த எர்த் போல்ட்டையும் கழற்றித் தேய்த்து முடுக்குங்கள். பழைய வண்டியில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து அந்த இடத்தில் கரண்ட்டைத் தடுப்பது சகஜம், மெக்கானிக்குகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் பக்கவாட்டில் இரண்டு கோடு இருக்கும். ஆறு அறையிலும் அளவு அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டர் ஆகாது, அதில் உப்புகள் மிச்சம் இருக்கும். ஆசிட் ஊற்றினால் பலம் வரும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. ஒரே ஒரு அறையில் மட்டும் தண்ணீர் அடிக்கடி வற்றினால் அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது. ஆறும் சேர்ந்து சீக்கிரம் வற்றினால் சார்ஜிங் அதிகமாக இருக்கிறது, அதை 7ஆவது படியில் பிடிக்கலாம். மெயின்டெனன்ஸ் ஃப்ரீ என்று எழுதியிருக்கும் மூடிய பேட்டரியைத் திறக்கவே கூடாது.

5. சும்மா நிற்கும்போது எத்தனை வோல்ட்

ஓட்டிவந்த சூட்டோடு அளந்தால் இல்லாத பலம் காட்டும். சில மணி நேரம் நிறுத்திவைத்து, சாவியை எடுத்துவிட்டு அளங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட வேண்டும், வயரில் இல்லாமல் பேட்டரியின் ஈய டெர்மினலிலேயே.

12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், மூடிய வகையில் 12.8 வரைகூடக் காட்டும். 12.4 என்றால் முக்கால் அளவு. 12.2 என்றால் பாதி. 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இவை எதுவும் பேட்டரி கெட்டதா என்பதைச் சொல்லாது, எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை மட்டும் சொல்லும். ஆனால் 10.5 பக்கத்தில் நின்றுகொண்டு, சார்ஜ் போட்ட பிறகும் அங்கேயே வந்து நின்றால் கதை வேறு. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். ஒன்று செத்தால் மொத்தத்தில் சரியாக அந்த அளவு குறையும். அந்த பேட்டரியை யாரும் உயிர்ப்பிக்க முடியாது.

6. செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட்

மீட்டரை டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு இன்னொருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். 12.6 இருந்த நல்ல பேட்டரி செல்ஃப் இழுக்கும்போது 10க்கு மேலேயே நிற்கும். 9.5க்குக் கீழே சரிந்தால், அதுவும் முழு சார்ஜில் இருந்தும் சரிந்தால், பேட்டரி உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரியை "நல்லாத்தானே இருக்கு" என்று சிலர் திருப்பி மாட்டிவிடுவார்கள். இந்தச் சோதனையில்தான் உண்மை வெளிவரும்.

வோல்ட் நன்றாக நிற்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ரிலேக்கும் செல்ஃபுக்கும் போங்கள். கிக்கர் மட்டும் உள்ள வண்டி என்றால் சாவியைப் போட்டு, பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் மூன்றையும் ஒன்றாகப் போட்டு அளங்கள். நல்ல பேட்டரி 12 பக்கத்தில் நிற்கும்.

7. எஞ்சின் ஓடும்போது எத்தனை வோல்ட்: இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்

பேட்டரி சாக முக்கியமான காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கும், பெரும்பாலான இடங்களில் இதை மட்டும் யாரும் அளப்பதில்லை. ஓரளவு சார்ஜ் உள்ள பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்புங்கள். ஐடிலில் 12.8, 13 என்று காட்டலாம், பரவாயில்லை. ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகி 3000, 4000 ஆர்பிஎம் வரை கொண்டுபோனால் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியும் வண்டி என்றால், அதைப் போட்ட பிறகும் 13க்குக் கீழே போகக் கூடாது.

15ஐத் தாண்டினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ரெகுலேட்டர், அதாவது கடைகளில் ஆர்ஆர் யூனிட் என்று சொல்வது, போய்விட்டது. அது பேட்டரியைக் கொதிக்கவைத்துத் தண்ணீரை வற்றவைக்கும், பக்கவாட்டில் உப்பவைக்கும், பல்புகளையும் எரிக்கும். புது பேட்டரி போட்டாலும் இதே கதிதான்.

ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் 12.5லேயே அசையாமல் இருந்தால் சார்ஜே வரவில்லை. உடனே பார்ட்ஸ் வாங்க ஓடாதீர்கள். மேக்னெட் காயிலிலிருந்து ஆர்ஆர் யூனிட்டுக்குப் போகும் வயர்களின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பல வண்டிகளில் அவை மஞ்சள் வயர்கள். உள்ளே பின்கள் கறுத்து பிளாஸ்டிக் உருகியிருந்தால் குற்றவாளி அதுதான், பின் மாற்றினாலே சரியாகலாம், செலவும் சில நூறு ரூபாயில் முடியும். பிளக் நன்றாக இருந்தால், அதைக் கழற்றியே வைத்து, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு வயர்களுக்கு இடையே அளங்கள். கவனம், ஆர்பிஎம் கூடும்போது ஐம்பது வோல்ட்டுக்கு மேலேயும் ஏறும், வெறும் பின்னைக் கையால் தொடாதீர்கள். மூன்று மஞ்சள் வயர் உள்ள வண்டியில் மூன்று ஜோடியிலும் ஏறத்தாழ ஒரே அளவு வர வேண்டும், ஆர்பிஎம் கூடக் கூட ஏற வேண்டும். ஒரு ஜோடியில் மட்டும் குறைந்தால் காயில் எரிந்திருக்கிறது. எல்லாம் சமமாக வந்தும் பேட்டரிக்கு சார்ஜ் வரவில்லை என்றால் ஆர்ஆர் யூனிட்டோ, அதிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரோ. ஒன்றிரண்டு வயர் மட்டும் உள்ள மிகப் பழைய வண்டிகளில் காயிலின் ஒரு முனை எஞ்சினிலேயே எர்த் ஆகியிருக்கும், அதை ஷார்ட் என்று சொல்லி யாராவது காயிலை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காயிலை முழுதாக மாற்றுவதற்குப் பதில் சுற்றித் தருபவர்கள் சிவாஜிநகர், கலாசிபாளையம் பக்கம் உண்டு. பழைய வண்டிக்குப் புதுக் காயில் கிடைக்காதபோது அதுதான் வழி. ஆர்ஆர் யூனிட்டுக்கு ஜே.சி. ரோட்டில் விசாரியுங்கள். பழைய யூனிட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் பிளக்கையும் பின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குங்கள், போட்டோ மட்டும் காட்டி வாங்கினால் பின் மாறிவிடும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் கன்னடத்தில் "மொதலு சார்ஜிங் செக் மாடி" (முதலில் சார்ஜிங்கைப் பாருங்கள்) என்று ஒரு வரி சொன்னால் போதும், ஆள் விஷயம் தெரிந்தவர் என்று அவரும் மீட்டரை எடுப்பார்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றி "ஓடுது பாருங்க, சார்ஜிங் ஓகே" என்று காட்டும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் உண்டு. தயவுசெய்து செய்யவிடாதீர்கள். வோல்ட்டேஜ் கட்டுப்பாடு இல்லாமல் ஏறி பல்பும் சிடிஐயும் போகும்.

இன்னொன்று. எல்லா அளவும் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தால் நீங்கள் போகும் பாதையை யோசியுங்கள். சில்க் போர்டு மாதிரி இடத்தில் ஐடிலில் நின்று நின்று போகும்போது வருகிற சார்ஜ் குறைவு, ஆனால் பிரேக்கை மிதித்தபடியே நிற்கிறீர்கள். பிரேக் பல்பு ஒன்றே 21 வாட், ஏறத்தாழ 1.75 ஆம்பியர். சிக்னலுக்கு சிக்னல் எஞ்சினை அணைத்து செல்ஃபில் கிளப்பினால் கணக்கு இன்னும் மோசம். அதோடு ஃபாக் லைட்டும் பெரிய ஹாரனும் மாட்டியிருந்தால் 5 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி தாங்காது. கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரிலேயே செய்யுங்கள், வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் தடையில்லாத சாலையில் ஓட்டுங்கள்.

8. மெதுவாக சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்

காலியான பேட்டரியைக் கெட்டது என்று முடிவு கட்ட சார்ஜ் ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அளவு எளிது, ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கு மேல். கடையில் கொடுத்தால் நூறு, இருநூறு ரூபாய் கேட்பார்கள். அங்கே பெரிய கார் சார்ஜரில் மாட்டி இரண்டு மணி நேரத்தில் "ஃபுல் ஆயிடுச்சு" என்று தந்தால் பணமும் போச்சு, தகடுகளும் போச்சு. சாயங்காலம் கொடுத்து, ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்றச் சொல்லி, மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் பேட்டரியில் உங்கள் பெயரை எழுதி, சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள்.

ஏற்றி முடித்ததும் வண்டியில் மாட்டாமல் அப்படியே ஒரு ராத்திரி வைத்து அளங்கள். 12.5க்கு மேல் நின்றால் பேட்டரி பிழைக்கும், 6ஆவது படியைத் திரும்பச் செய்யுங்கள். எதிலும் மாட்டாமலே 12.2க்கு இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. பல மாதம் காலியாகவே கிடந்த பேட்டரி பெரும்பாலும் இங்கேதான் தோற்கும், தகடுகளில் சல்பேட் இறுகியிருக்கும்.

அவசரத்துக்கு யாராவது காரிலிருந்து கேபிள் கொடுத்தால், கார் எஞ்சின் அணைந்தே இருக்கட்டும்.

9. நிற்கும்போதே கரண்ட் தின்பது எது

பேட்டரி நல்லது, சார்ஜிங்கும் சரி, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் காலி. அப்போது மட்டும் இந்தப் படி. சாவியை எடுத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, ஒரு முனையைக் கழற்றிய வயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். பெரிதாக எதுவும் காட்டாவிட்டால் மில்லி ஆம்பியருக்கு இறங்குங்கள். டிஜிட்டல் ஸ்பீடோமீட்டர் இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் பரவாயில்லை. 20 மில்லி ஆம்பியர் போனால்கூட ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் அவர் கிட்டத்தட்ட போகிறது, 5 ஆம்பியர் அவர் பேட்டரி பத்து நாளில் காலி. ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், யுஎஸ்பி சார்ஜர், நேராகப் பேட்டரியில் இழுத்த எல்இடி, இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அப்புறம் ஆர்ஆர் யூனிட் பிளக். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃபைத் தொடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும். முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்குத் திரும்ப மாற்றுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியை அளந்தால் நேர் ஷார்ட்.

10. புதுசு வாங்கியே ஆக வேண்டும் என்றால்

ஆர்சி இருந்தால் மாடலும் வருடமும் சரியாகச் சொல்லலாம், டிஜிலாக்கரில் இருப்பதே போதும். பழைய பேட்டரியின் மேல் உள்ள குறியீட்டையும் போட்டோ எடுத்துப் போங்கள். 12என்5-3பி, 12என்9-4பி, 12என்14-3ஏ மாதிரி இருக்கும். முதலில் உள்ளது வோல்ட், என் எழுத்துக்குப் பின்னால் உள்ளது ஆம்பியர் அவர். மிச்சம் டெர்மினல் அமைப்பைப் பற்றியது, அது மாறினால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி வயர் எட்டாது. இழுத்துப் பிடித்து மாற்றி மாட்டினால் ஆர்ஆர் யூனிட் அந்த நொடியே போகும்.

விலை பிராண்டையும் வாரண்டியையும் பொறுத்து மாறும். 2.5 ஆம்பியர் அவருக்கு ஆயிரம் ரூபாய் பக்கம், 5க்கு 1300 முதல் 1700 வரை, 9க்கு இரண்டாயிரத்தை ஒட்டி, 14க்கு மூவாயிரத்தை ஒட்டி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் குறைத்துத் தருவார்கள், அதைக் கழித்த விலையா கழிக்காத விலையா என்று முதலிலேயே கேளுங்கள். எக்ஸைட், அமரான் மாதிரி பெரிய பிராண்டு என்றால் இரண்டு மூன்று டீலரிடம் போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஆசிட் ஊற்றிப் பயன்படுத்தும் வகை என்றால் அவசரப்படாதீர்கள். கடையில் ஆசிட் ஊற்றி, பத்தே நிமிடத்தில் மாட்டி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ஊற்றிய பிறகு அரை மணி நேரமாவது ஊற வேண்டும், அதற்குப் பிறகு மெதுவான முதல் சார்ஜ் ஏற வேண்டும். இந்த முதல் சார்ஜ் இல்லாமல் மாட்டிய பேட்டரி அதற்கப்புறம் முழுப் பலத்துக்கு வரவே வராது. அதனால் ஒரு நாள் முன்பே கொடுத்து வைத்து மறுநாள் மாட்டுங்கள். மாட்டும்போது மூச்சுக் குழாயின் அடைப்பை எடுத்துவிட்டு, குழாயை செயினிலும் சைலன்ஸரிலும் படாமல் கீழே இறக்குங்கள். மூடிய வகை என்றால் கடையிலேயே உங்கள் மீட்டரால் அளங்கள். 12.6க்குக் கீழே காட்டினால் ரொம்ப நாளாக அலமாரியில் இருந்தது, வேறொன்று கேளுங்கள். பழைய வண்டியில் மூடிய வகையை மாட்டலாம், ஆனால் 7ஆவது படியில் 14.5ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் தண்ணீர் ஊற்றவும் வழியில்லாமல் உள்ளே காய்ந்துவிடும்.

11. பில், வாரண்டி கார்டு, கிளெய்ம்

ஜிஎஸ்டி எண் உள்ள பில் வாங்குங்கள், அதில் தேதி, பேட்டரி சீரியல் நம்பர், உங்கள் வண்டி எண் மூன்றும் இருக்கட்டும். தமிழ்நாடு பதிவு எண் என்றாலும் அதையே சரியாக எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். வாரண்டி கார்டில் டீலர் முத்திரை விழுந்திருக்க வேண்டும், சில கம்பெனிகளில் உங்கள் போன் எண்ணைப் பதிவு செய்தால்தான் வாரண்டி தொடங்கும், கடையை விட்டுக் கிளம்பும் முன் அதை முடித்துவிடுங்கள். பில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே போட்டோ எடுங்கள்.

வாரண்டி பெரும்பாலும் இரண்டு பாகம். முதல் சில மாதங்கள் இலவசமாக மாற்றித் தருவது, அதற்குப் பிந்தைய மாதங்களில் புதிய பேட்டரிக்கு இத்தனை சதவீதம் தள்ளுபடி. அட்டையில் மொத்த மாதத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நீங்கள் கேட்க வேண்டியது முதல் பாகம் எத்தனை மாதம் என்பதை. தள்ளுபடியும் எம்ஆர்பியில்தான் கணக்கிடுவார்கள், கடை விலை அதைவிடக் குறைவாக இருப்பதால் கையில் கிடைக்கும் லாபம் நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கும். மாற்றித் தந்த பேட்டரிக்கு வாரண்டி புதிதாகத் தொடங்காது, பழையதில் மிச்சமிருந்த மாதங்கள்தான் பொதுவாகக் கிடைக்கும்.

கிளெய்முக்குப் போகும்போது பில், கார்டு, பேட்டரி மூன்றையும் கொண்டுபோங்கள். அவர்கள் முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்ப்பார்கள், அதற்கே ஒரு நாள் ஆகும், அதனால் வெள்ளி, சனியில் கொடுக்காமல் வாரத் தொடக்கத்தில் கொடுங்கள். பேட்டரி அவர்களிடம் இருப்பதற்கு ரசீதும், அதுவரை ஓட்ட ஒரு சர்வீஸ் பேட்டரியும் கேளுங்கள், கேட்டால் பல இடங்களில் தருவார்கள். உப்பியிருந்தாலோ, தண்ணீர் வற்றிக் காய்ந்திருந்தாலோ, கூடு உடைந்திருந்தாலோ மறுப்பார்கள். வெறும் சார்ஜ் இறங்கியது என்று சொல்லித் திருப்பித் தந்தால், சார்ஜ் முழுதாக ஏறிய பிறகு செல்ஃபில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அவர் முன்னாலேயே அளந்து காட்டுங்கள். புது பேட்டரி மாட்டிய அன்றே 7ஆவது படியைச் செய்து மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால், உங்கள் வண்டியில் சார்ஜிங் அதிகம் என்ற காரணத்தை அவர்கள் எளிதில் சொல்ல முடியாது.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மைனஸ் வயரை மட்டும் கழற்றி, டெர்மினலில் படாதபடி துணியில் சுற்றிவிட்டுப் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பேட்டரியையே எடுத்து வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.